ஊரு போடுமா?

கெஸ்லருக்கு நிற்பதாகச் சொன்ன முப்பத்தொரு பேரின் பட்டியல் வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் இருபத்தாறாகச் சுருங்கிவிட்டது. மார்லிஸ் ட்வெட் பள்ளிப் பேருந்தைக் கொட்டகையில் விட்டுவிட்டு, ஓட்டுநர் இருக்கையில் இருந்தபடியே தபால்காரர் லாய்டுக்குப் போன் போட்டாள்.

"எனக்கென்னம்மா, எனக்குக் கெஸ்லர்னா உயிரு," என்றார் லாய்ட். "பொம்பளைன்னு பாக்குற ஆளா நான்? ஆனா பொதுத் தேர்தல்ல ஜெயிக்கணுமே. ஊரு போடுமா?"

"ஊருன்னா யாரு?"

"ஊருதான்."

"நீங்க போடுவீங்க?"

"கண்ணை மூடிக்கிட்டுப் போடுவேன்."

"உங்க வீட்ல?"

"அவளும் போடுவா. அவ தங்கச்சி, மச்சான், எதிர்வீட்டு ஹாரியட், எல்லாரும் போடுவாங்க. ஊரு போடாதே!"

மார்லிஸ் பட்டியலில் லாய்டின் பெயரை அடித்தாள். பேனா காகிதத்தைக் கிழித்துக்கொண்டு போனது.

கவர்னர் ரூத் கெஸ்லர் பக்கத்து மாநிலத்தை எட்டு வருடம் ஆண்டவர். பகுதிநேர ஓட்டுநர்களுக்கும் மருத்துவக் காப்பீடு கொடுத்தவர். மார்லிஸின் வலது முழங்கால் இரண்டு வருடமாக ஒவ்வொரு பிரேக்குக்கும் ஒரு கெட்ட வார்த்தை சொல்லிக்கொண்டிருந்தது. ஐயோவா மாநிலத்தில் பகுதிநேர ஓட்டுநரின் முழங்காலுக்குப் பொறுப்பு அந்த முழங்கால்தான். கெஸ்லர் ஜனாதிபதியானால் நாடு முழுவதும் அந்தச் சட்டம் வரும் என்று மார்லிஸ் நம்பினாள். அதனால்தான் ஓல்சன் க்ரோவ் ஊரில் கெஸ்லருக்கு ஆள் சேர்க்கும் வேலையைச் சம்பளமில்லாமல் தலையில் போட்டுக்கொண்டாள்.

திங்கட்கிழமை சாயங்காலம் பள்ளி விளையாட்டுக் கூடத்தில் காக்கஸ், அதாவது நவம்பர் பொதுத் தேர்தலில் கட்சி சார்பில் யார் நிற்பது என்று ஊர்க்காரர்கள் தேர்ந்தெடுக்கும் கூட்டம். சீட்டு, பெட்டி, மறைப்பு எதுவும் கிடையாது. கட்சிக்காரர்கள் ஆளுக்கொரு மூலையில் போய் நிற்க வேண்டும், தலையை எண்ணுவார்கள். நூற்றுக்குப் பதினைந்து பேர்கூடத் தேறாத மூலை கலைந்து வேறு மூலைக்குப் போய்விட வேண்டும். பக்கத்து வீட்டுக்காரன் கண்ணெதிரே நிற்பது என்பதால், எல்லாரும் தனக்குப் பிடித்தவரை விட்டுவிட்டுப் பக்கத்து வீட்டுக்காரனுக்குப் பிடிக்கக்கூடியவரைத் தேடிக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரனும் அதையேதான் செய்துகொண்டிருந்தான்.

அடுத்த நாலு போனிலும் அதே பாட்டு. ஐந்தாவது ஆள், பல் டாக்டரிடம் வேலை செய்யும் ஹாரியட், ஒரு வழி சொன்னாள்.

"வெர்லின் ஹூக்ஸ்ட்ராவைக் கேளேன். எந்தக் கட்சியும் கிடையாது. ஒன்பது தேர்தல், ஒன்பதுலயும் ஜெயிச்ச ஆளுக்கே போட்டிருக்காரு. அவரு சரின்னா ஊரு சரின்னுதான் அர்த்தம்."

ஒருவழியாக ஊருக்கு ஒரு முகவரி கிடைத்தது. மார்லிஸ் ஒரு தட்டு பன்றிக்கறி உருண்டையோடு அன்று சாயங்காலமே போய் நின்றாள்.

வெர்லினுக்கு எழுபத்தொரு வயது. பன்றிப் பண்ணை வைத்திருந்தார். விதைக் கம்பெனி இலவசமாகக் கொடுத்த தொப்பியைச் சாப்பிடும்போதும் கழற்ற மாட்டார். மூன்று உருண்டை உள்ளே போகும்வரை அவர் வாயைத் திறந்தது உருண்டைக்காக மட்டும்தான்.

"கெஸ்லரா? நல்ல பொம்பளைதான். குரல்தான் கொஞ்சம் உச்சத்துல நிக்குது. என் பன்னிங்க மிரளும்."

அவர் மனைவி ஆர்டிஸ் காப்பியை வைத்துவிட்டு ஒரு நாற்காலியை இழுத்தார்.

"நீங்க போய் டிவி பாருங்க ஆர்டிஸ்," என்றாள் மார்லிஸ் அன்பாக. "இந்த அரசியல் பேச்செல்லாம் உங்களுக்கு அலுப்பா இருக்கும்."

ஆர்டிஸ் நாற்காலியை உள்ளே தள்ளிவிட்டுப் போனார்.

மார்லிஸ் காரில் ஏறியதும் கெஸ்லரின் பிரச்சார அலுவலகத்தில் இருந்த டெலனிக்குப் போன் போட்டாள். டெலனி கிழக்குக் கடற்கரையிலிருந்து வந்தவள். மூன்று மாதமாகப் பூசணி சூப்பிலேயே உயிரோடு இருந்தாள். ஒன்பதுக்கு ஒன்பது என்றதும் அவளுக்கு மூச்சு வாங்கியது.

"குரல்தானே? இறக்கிடலாம்."

சனிக்கிழமை நூலகக் கூட்டத்தில் கெஸ்லர் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் பேசினார். வெர்லின் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டார்.

"எப்படி இருந்துச்சு?" என்று வாசலிலேயே மடக்கினாள் மார்லிஸ்.

"என்னம்மா, அதுக்கு உடம்புக்கு முடியலையா? இந்தச் சீக்கை வச்சுக்கிட்டு நாலு வருஷம் தாங்குமா?"

டெலனி விடவில்லை. "உடம்பு நல்லாத்தான் இருக்குன்னு காட்டிடுவோம்," என்றாள். ஞாயிறு காலை, பூஜ்யத்துக்குக் கீழே ஏழு டிகிரி குளிரில், அறுபத்திரண்டு வயது முன்னாள் கவர்னர் கடைத்தெரு நெடுக ஓடினார். பின்னால் இரண்டு புகைப்படக்காரர்கள் பனியில் வழுக்கி விழுந்தார்கள். வெர்லின் உணவுவிடுதி ஜன்னலில் சினமன் ரோலோடு உட்கார்ந்திருந்தார்.

"சர்ச் நேரத்துல என்ன ஓட்டம்? போலீஸ் துரத்துதா?"

அதற்குள் பட்டியல் இருபதாகியிருந்தது. கடைசி ஆயுதமாக, அன்று மத்தியானம் மார்லிஸ் கெஸ்லரையே வெர்லினின் பண்ணைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். கெஸ்லர் பண்ணையில் பிறந்து வளர்ந்தவர். அவருக்கு இரவல் ரப்பர் பூட்ஸ், மார்லிஸுக்கு இரவல் தைரியம்.

கெஸ்லர் தொழுவத்தில் கால் வைத்ததும் ஒரு பார்வை பார்த்தார். "மூணாவதா நிக்கிற சினைப்பன்னி இடது பின்னங்காலை ஊன மாட்டேங்குது பாருங்க. குளம்புல வெடிப்பு. இன்னிக்கே டாக்டரைக் கூப்பிடுங்க, இல்லன்னா குட்டி போடுறப்ப கஷ்டம்."

வெர்லின் குனிந்து பார்த்தார். வெடிப்பு இருந்தது. தொப்பியை முன்னுக்குத் தள்ளி, பின்னுக்குத் தள்ளி, கடைசியில் கையில் எடுத்துக்கொண்டார். அந்தத் தொப்பி கழன்றதை மார்லிஸ் அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தாள். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தாள்.

கெஸ்லரின் கார் போனதும் வெர்லின் தலையை ஆட்டினார். "எல்லாம் தெரிஞ்ச மாதிரி பேசுதே."

"தெரிஞ்சதாலதானே பேசுனாங்க? சரியாத்தானே சொன்னாங்க?"

"சரியாத்தான் சொல்லிச்சு. அதாம்மா பிரச்சினை. ஊருக்குப் பிடிக்காது."

மார்லிஸுக்குள் மூன்று நாளாக அடைத்துக்கொண்டிருந்த ஏதோ ஒன்று உடைந்தது. "நீங்கதான்யா ஊரு! உங்களைத்தான் எல்லாரும் ஊருங்கிறாங்க! நீங்க போடுவீங்களா மாட்டீங்களா?"

"நானா?" வெர்லினுக்கு உண்மையிலேயே ஆச்சரியம். "எனக்கென்ன வந்துச்சு? நான் பொம்பளைன்னு பாக்குற ஆளா? ஆனா ஊரு..."

பன்றிகள் மிரண்டன. மார்லிஸ் போட்ட சத்தம் அப்படி.

போகிற போக்கில், சும்மா ஒரு வயிற்றெரிச்சலில் கேட்டாள். "கெஸ்லருக்குப் போட்டியா நிக்கிற அந்த செனட்டர் பெம்பர்டன் எப்படி?"

"யாரு?"

"நேத்து டிவில ரெண்டு மணி நேரம் பாத்தீங்களாமே."

"ஓ, அவரா?" வெர்லின் நெடுநேரம் யோசித்தார். "ஒண்ணும் ஞாபகத்துல நிக்கல. குறை சொல்ல என்ன இருக்கு?"

மார்லிஸ் செய்த பெரிய தப்பு அதை ஹாரியட்டிடம் சொல்லிப் புலம்பியது. ஆறு மணிக்குள், பெம்பர்டனிடம் வெர்லினுக்கு ஒரு குறையும் தெரியவில்லை என்பது ஊர் முழுக்கப் போய்விட்டது. மனிதர் என்ன சொன்னார், எதற்காக நிற்கிறார் என்று ஒருவருக்கும் தெரியாது. பெண்ணாக இருந்தால் பன்றியின் காலைப் பார்த்து வியாதி சொல்ல வேண்டும், அப்படியும் போதாது. ஆணாக இருந்தால் ஞாபகத்தில் நிற்காமல் இருந்தாலே போதும், கம்பீரம் என்றார்கள்.

திங்கட்கிழமை கூடத்துக்கு எண்பது பேர் வந்தார்கள். பதினைந்து விழுக்காடு என்றால் பன்னிரண்டு தலை. கெஸ்லர் மூலையில் பத்தொன்பது பேர் இருந்தார்கள். மார்லிஸ் கோழிக்குஞ்சை எண்ணுவதுபோல் அவர்களை எண்ணிக்கொண்டே இருந்தாள்.

வெர்லின் கட்சியில் இல்லாததால் படிக்கட்டு இருக்கையில் வேடிக்கை பார்க்க உட்கார்ந்தார். ஆர்டிஸ் சமையலறையில் காப்பி போடப் போய்விட்டார். கூடத்தில் ஒருவரும் வேட்பாளர்களின் பேச்சாளர்களைப் பார்க்கவில்லை. எண்பது பேரும் வெர்லினைப் பார்த்தார்கள்.

வெர்லின் மூக்கைச் சொறிந்தார். கெஸ்லர் மூலையிலிருந்து இரண்டு பேர் இடம் மாறினார்கள்.

"அரிச்சுது, சொறிஞ்சாரு! அதுக்கெல்லாம் அர்த்தம் இல்ல!" என்று கத்தினாள் மார்லிஸ்.

பிறகு வெர்லினுக்குக் கால் குளிர்ந்தது. எழுந்தார். அவர் நிதானமாக நடந்துபோய், சூட்டுக் காற்று வரும் பெட்டியின் மேல் உட்கார்ந்தார். பெட்டிக்கு நேர் மேலே பெம்பர்டனின் பெயர்ப் பலகை தொங்கியது.

கெஸ்லர் மூலையிலிருந்து ஆறு பேர் தரையைப் பார்த்தபடி நழுவினார்கள். மீதி பதினொன்று. ஒன்று குறைவு.

மார்லிஸ் முழங்காலை இழுத்துக்கொண்டு ஓடினாள். "வெர்லின், இப்பவே கட்சியில பேரைப் பதியலாம். ரெண்டு நிமிஷ வேலை. ஒரே ஒரு தலை போதும். அந்தம்மா உங்க பன்னியைக் காப்பாத்தினாங்க!"

"காப்பாத்திச்சு, இல்லைங்கல. டாக்டரும் அதையேதான் சொன்னாரு." அவர் கையைச் சூட்டில் காட்டினார். "ஆனா இங்கதாம்மா சூடு நல்லா வருது."

தலைமை ஆசிரியை விசில் ஊதினார். எண்ணிக்கை முடிந்தது. கெஸ்லரின் மூலை செல்லாது.

மார்லிஸ் பத்துப் பேரையும் கூட்டிக்கொண்டு கூடத்தைக் கடந்தாள். அந்த முப்பது அடி அவள் ஓட்டிய எந்தப் பனிச் சாலையையும்விட நீளம். பெம்பர்டன் மூலையில் லாய்ட் அவள் தோளில் தட்டினார்.

"நல்ல முடிவும்மா. மனசு கேக்காதுதான், ஆனா ஜெயிக்கிற குதிரை மேலதான் பணம் கட்டணும். வேணும்னா இப்பவே கேட்டுடுறேன் பாரு." கூடம் அதிரக் குரல் கொடுத்தார். "வெர்லின்! நவம்பர்ல யாருக்குப் போடப்போறீங்க? பெம்பர்டனுக்குத்தானே?"

குழந்தைகள்கூட ஓடுவதை நிறுத்தினார்கள். வெர்லின் தாடையைத் தடவினார். பிறகு சமையலறைப் பக்கம் திரும்பினார்.

"ஆர்டிஸ்! நவம்பர்ல நான் யாருக்கு?"

ஆர்டிஸ் காப்பிக் கூஜாவோடு கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். "கெஸ்லருக்குத்தான். ஒன்பது தேர்தலா நான் நிரப்பிக் குடுக்குற தபால் ஓட்டுச் சீட்டுல கையெழுத்து மட்டும்தானே போடுறீங்க, இன்னிக்கு மட்டும் என்ன புதுசா கேள்வி?"