பதினேழு சாஸ்திரிகள்

நாகலாபுரம்,
26.12.1998

அன்பு மைத்துனர் எட்வர்ட் அவர்களுக்கு மாசிலாமணி எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் இங்கே நானும் உங்கள் அக்கா கிருபாவும் சுகம். ஆடுகள் சுகம், உளுந்தும் சுகம். சென்னையில் நீங்களும் குடும்பத்தாரும் அப்படியே இருக்க ஜெபிக்கிறோம். உங்கள் மருமகள், என் மகள் ஜீனாவைப் பற்றித்தான் என்ன எழுதுவதென்று தெரியவில்லை.

வேதாகமப் படிப்பில் டாக்டர் பட்டம் வாங்கிக் கல்லூரியில் பாடம் நடத்துவேன் என்று அவள் பெங்களூர் நுழைவுத் தேர்வுக்குத் தயாராவது உங்களுக்குத் தெரியும். எபிரேயமும் கிரேக்கமும் போதாதென்று இப்போது ஜெர்மனும் படிக்கிறாள். எபிரேயப் புத்தகத்தை அவள் பின்னாலிருந்து புரட்டுவதைப் பார்த்து, "புள்ளைக்குப் படிச்சுப் படிச்சுக் கிறுக்குப் பிடிச்சிட்டு" என்று உங்கள் அக்கா உபவாசமே இருந்தாள். அந்த மொழியை வலமிருந்துதான் வாசிக்க வேண்டும் என்று நான் விளக்கினேன். இந்த ஊரில் அதை விளக்க என்னை விட்டால் ஆள் ஏது? அது போகட்டும். விண்ணப்பத்தோடு சபைப் போதகரின் சிபாரிசுக் கடிதமும் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் கல்லூரியில் விண்ணப்பத்தைத் தொடவே மாட்டார்கள். கிறிஸ்துமஸ் முடியட்டும், தருகிறேன் என்றார் போதகர்.

கிறிஸ்துமஸ் நாடகத்தில் பாலன் இயேசுவைப் பார்க்கக் கிழக்கிலிருந்து காணிக்கையோடு வரும் ஞானிகளான மூன்று சாஸ்திரிகளாக யார் கிரீடம் வைப்பது என்று வருஷா வருஷம் சண்டை நடப்பது நீங்கள் அறிந்ததே. இந்த வருஷம் மளிகைக்கடை சோலைராஜ் மூன்றாவது கிரீடத்தைத் தன் பையனுக்குக் கேட்டு ஒத்திகையிலேயே வேட்டியை மடித்துக் கட்ட, நம் ஜீனா நடுவில் போய், "மாமா, காணிக்கைதான் மூணு. வந்தவிய எத்தனை பேருன்னு வேதத்துல மத்தேயு சொல்லவே இல்ல" என்று சொல்லிவிட்டாள். எவ்வளவு பெரிய விஷயம், எவ்வளவு லேசாகச் சொன்னாள்! சோலைராஜ் உடனே, "அப்ப எம் பையனும் வரலாம்லா!" என்றார். அவர் பையன் வரலாம் என்றால் எங்கள் பையன் ஏன் வரக்கூடாது என்று மற்றவர்களும் கிளம்ப, நாடகத்தன்று ஜரிகைக் கிரீடத்தோடு பதினேழு சாஸ்திரிகள் மேடையேறினார்கள், மேய்ப்பனாக நடிக்க ஒருவன்கூட மிஞ்சவில்லை, பொன்னும் தூபவர்க்கமும் வெள்ளைப்போளமும் முன்னால் வந்த மூவரோடு தீர்ந்துவிட, பின்னால் வந்தவர்கள் கடம்பூர் போளியையும் தீப்பெட்டிப் பண்டலையும் பாலன் கிடந்த முன்னணையில் வைக்க, போளிக்கு மேடையில் கட்டியிருந்த ஆடு பாய, ஆட்டுக்கு யோசேப்பு பாய, பெஞ்சுகளைச் சேர்த்துக் கட்டிய மேடை அப்படியே உட்கார்ந்துவிட்டது. நல்லவேளை, யாருக்கும் அடியில்லை. போதகர் என்னைப் பார்த்து, "உங்க மவளுக்கு சிபாரிசு ஒண்ணுதான் குறைச்சல்!" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஜீனா நேற்றிலிருந்து புத்தகத்தைத் தொடவில்லை. எனக்கு நெஞ்சே ஆறவில்லை. ஊரே தெரியாமல் இருந்ததை என் மகள் தெரிந்து வைத்திருந்தாளே என்று மேடை சரிந்தபோதும் எனக்குப் பெருமைதான். என்ன செய்ய? இனி டாக்டர் பட்டம் வேண்டாம், நீங்கள் சொன்ன வங்கிப் பையனையே பேசி முடித்துவிடுங்கள் என்று உங்கள் அக்கா பக்கத்தில் நின்று எழுதச் சொல்கிறாள். எழுதிவிட்டேன்.

உங்கள் பிள்ளைகளைக் கர்த்தர் நன்றாகப் படிக்க வைப்பாராக, அளவாக.

அன்புள்ள,
மாசிலாமணி

பி.கு: ஞாயிறு மதியம். ஆராதனை முடிந்து போதகரே சைக்கிளில் வீட்டுக்கு வந்தார். "மாசிலாமணி, பதினோரு கிறிஸ்துமஸா மத்தேயுவுல இந்த சாஸ்திரிகள் அதிகாரத்தை வாசிக்கேன். ஒருத்தரும் வேதத்தைத் திறந்ததில்ல. இன்னைக்கு ஊரே திறந்து வச்சு, எண்ணிக்கை இருக்கான்னு தேடுது. நான் பண்ணாததை உங்க மவ பண்ணிட்டா" என்று சொல்லி, கையெழுத்துப் போட்ட சிபாரிசைக் கொடுத்தார். நான் கை நீட்டுமுன் உங்கள் அக்கா வாங்கிக்கொண்டாள். "ஏட்டி ஜீனா, அந்தத் தலைகீழ்ப் பொஸ்தகத்தை எடுத்து உக்காரு" என்று அதட்டுகிறாள். இன்லண்டு லெட்டரில் இனி திருத்தி எழுத இடமில்லாததால் மேலே வங்கிப் பையனைப் பற்றி உள்ளதை வாசிக்க வேண்டாம். பையன் வீட்டாரிடம் நீங்களே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். அடுத்த கிறிஸ்துமஸுக்கு அவசியம் வாருங்கள், உங்களுக்கும் ஒரு கிரீடம் எடுத்து வைக்கிறேன். எத்தனை பேர் என்றுதான் வேதத்திலேயே இல்லையே.