மணவறைக்குள் வந்த ஆறுமணிக்குருவி

'நில்லுங்க ஹாஜியார்' எங்கள் ஊரில் இருக்கும்வரை ஒரு மனிதனும் நடந்து மெலிய முடியாது. இதை நான் எங்கு வேண்டுமானாலும் சத்தியம் செய்து சொல்வேன். என் வயிறே சாட்சி.

எனக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு என்றார் டொக்டர். "மாஸ்டர், தினமும் அரை மணித்தியாலம் வேகமா நடக்கணும்." நிந்தவூரில் என் அடுத்த வளவுக்காரர்தான் ஹாஜியார். கல்முனையில் ஹாட்வெயார் கடை வைத்திருப்பவர். அவருக்கும் அதே வருத்தம், அதே டொக்டர். விடிகாலை சுபஹு தொழுதுவிட்டு இருவரும் வயல் பாதையால் நடக்கத் தொடங்கினோம். இருபது அடி போயிருக்க மாட்டோம்.

"நில்லுங்க!"

பாம்பென்று நினைத்து ஒரு காலை வாய்க்காலுக்குள் வைத்துவிட்டேன். ஹாஜியார் சால்வைக்குள்ளிருந்து ஒரு தொலைநோக்கியை எடுத்தார். "கம்பியில பாருங்க, தகைவிலான். மாரி தொடங்க வாற குருவி. போன வருஷமும் இதே கம்பியிலதான் இருந்த."

"அதே குருவியா?"

"மூஞ்சி எனக்கு விளங்காதா மாஸ்டர்?"

அரை மணித்தியால நடை இரண்டரை மணித்தியாலம் ஆகிவிட்டது. அதில் நடந்தது பத்து நிமிடம், மிச்சமெல்லாம் நின்றது. மூன்றாம் மாதம் டொக்டர் ரிப்போட்டைப் பார்த்துவிட்டு, "நடக்கிற இல்லையா?" என்று கேட்டார். "ஒரு நாளைக்கு ரெண்டரை மணித்தியாலம் டொக்டர்" என்றேன். அவர் ரிப்போட்டை மறுபடி பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், மாத்திரையைக் கூட்டி எழுதினார்.

பூக்களையும் அவர் விட்டுவைக்கவில்லை. பாலமுனைக் கடற்கரையில் அடம்பன்கொடி பூத்துக் கிடந்த ஒரு காலையில், பூவை மிதிக்காமல் மற்றக் காலை வைக்க இடம் இல்லையென்று என்னை ஒற்றைக்காலில் நிறுத்திவிட்டு, பூ ஊதாவா நாவல் நிறமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். கடையின் பின்வாசலில் ஒரு தும்பைச் செடி முளைத்தது. அன்றிலிருந்து சீமெந்து லொறி அந்தப் பக்கம் வரத் தடை. மூட்டைகள் எல்லாம் முன்வாசலால் தோளில் போயின.

"ஹாஜியார், எப்பிடியும் இத ஆடு திண்டிரும்" என்று முறையிட்டார் லொறிக்காரர்.

"ஆடு திண்டா அது அல்லாஹ் ஆட்டுக்குக் குடுத்த சாப்பாடு. லொறி ஏறினா கொலை."

இவையெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விசயங்கள். அவருடைய ஒரே மகளின் கலியாணத்தன்றுதான் விசயம் சிரிப்பைத் தாண்டிப் போனது.

ஐப்பசி மழை தொடங்கியிருந்தது. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து வாழ்வார். ஹாஜியார் தன் வீட்டை மகளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, பின்வளவில் கட்டிய இரண்டு அறைக்கு மனைவியோடு முதல்நாள்தான் குடிபோயிருந்தார். பெரிய அறையை, மாப்பிள்ளையும் பெண்ணும் தங்கும் மணவறையாகச் சோடித்திருந்தார்கள். பள்ளிவாசலில் நிக்காஹ் முடிந்ததும், எல்லாம் சரியா என்று பார்க்க அவர் முன்னால் ஓடி வந்தார். பின்னால் நான் வந்து பார்த்தால், மணவறைக் கதவைச் சாத்தி, அதன் முன்னால் கதிரை போட்டு உட்கார்ந்திருக்கிறார்.

"என்ன ஹாஜியார் இது?"

"மெல்லமாக் கதைங்க. உள்ளுக்கு ஆறுமணிக்குருவி. விடியவும் அந்திக்கும் கூவுமே, அது. யன்னலால வந்து விழுந்து கிடக்கு. எழும்ப ஏலா. அதுக்கு இருட்டும் அமைதியும் வேணும்."

"மாப்பிள்ள வாசல்ல நிக்கார்!"

"அவர் கல்முனையில இருந்து காரில வந்தவர். இது இந்தியாவில இருந்து சொந்தச் செட்டையில வந்திரிக்கு."

மாப்பிள்ளையின் வாப்பா அரிசி மில் முதலாளி. குரலும் மில்லைப் போலத்தான். "என்ட மகன வாசல்ல நிப்பாட்டிட்டு குருவிக்கு அறை குடுத்தீங்களா? மகன், திரும்புங்க. நாம போவம்."

உள்ளே யாரோ பெண் விம்முவது கேட்டது. "எழும்புங்க ஹாஜியார், புள்ளட வாழ்க்க" என்று அவர் காதில் சொன்னேன். அவர் முகம் வெளிறிவிட்டது. எழுந்து கதவுப்பிடியில் கையை வைத்தார். ஆனால் திறக்கவில்லை.

அந்த நேரத்தில் மாப்பிள்ளை சப்பாத்தைக் கழற்றினார். "மாமா, நானும் ஒருக்காப் பாக்கலாமா?"

இருவரும் பூனைபோல உள்ளே போனார்கள். அடுத்த அறையிலிருந்து மணப்பெண்ணின் குரல் வந்தது. "கிட்டப் போகாதீங்க. ஒரு சோசர்ல தண்ணி வெச்சிட்டு வந்திருங்க." அவள் தன் மாப்பிள்ளையோடு பேசிய முதல் பேச்சு அதுதான். சோசரையும் அவளே கதவிடுக்கால் நீட்டினாள். மருதாணிக் கையிலிருந்து அவர் அதை வாங்கிக்கொண்டு போனார்.

வெளியே வந்து தன் வாப்பாவிடம் சொன்னார்: "கண்ணில சுருமா மை போட்ட மாதிரி இரிக்கி வாப்பா. நடுங்குது. கொஞ்சம் கிடக்கட்டும். நாங்க விறாந்தையில இருப்பம்."

மில் முதலாளி நம்பவில்லை. தானே போய்க் கதவிடுக்கால் எட்டிப் பார்த்தார். பச்சை முதுகு, நீலச் செட்டை, வயிற்றில் சிவப்பு. வெகுநேரம் பார்த்தார். திரும்பி வந்து, பந்தலில் ஓடித் திரிந்த பிள்ளைகளைப் பார்த்து உறுமினார்: "சத்தம் போடாதீங்கடா! உள்ளுக்கு ஆள் படுத்திரிக்கி!"

இருநூறு பேர் கிசுகிசுத்துக்கொண்டே புரியாணி தின்ற கலியாணத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை.

அந்தியில், மஃரிப் தொழுகைக்குச் சற்று முன்னர், அறைக்குள் குருவி இரண்டு தரம் கூவியது. ஹாஜியார் போய் யன்னலை அகலத் திறந்துவிட்டார். குருவி மாமரத்துக்குப் பறந்தது. அது இலைக்குள் மறைந்த பிறகுதான் பெண்கள் குரவையிட்டு மாப்பிள்ளையையும் பெண்ணையும் உள்ளே அழைத்துப் போனார்கள்.

மறுநாள் காலை வயல் பாதையில் ஹாஜியார் எங்கும் நிற்காமல் நடந்தார். மதகில் போய் உட்கார்ந்தார்.

"மாஸ்டர், கலியாணம் பேசின நாளில இருந்து ஒரு வருஷமா எனக்கு நித்திர இல்ல. அந்தப் பொடியன் எப்பிடிப்பட்டவனோ, என்ட புள்ள ஏலாமக் கிடந்தா பாப்பானோ எண்டு. யாருக்கிட்டக் கேக்கிற? நேத்து அந்தக் குருவிதான் காட்டித் தந்த."

சால்வையை முகத்தில் வைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. எதிரே வயலில் ஒரு பெரிய நாரைக் கூட்டம் வந்து இறங்கியது. அவர் அழுது முடியட்டும் என்று, அதை அவருக்குச் சொல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.