நூத்துக்கு நூத்து முப்பத்தெட்டு

அதான் சொல்றேன் கவிதா, ஸ்கூல்ல உன் பொண்ணுக்குக் குடுத்த அந்த சீட்டை மடிச்சு பர்ஸ்ல சொருவாத. கையிலயே வெச்சிக்க. எதிர் ஊட்டுக்கு நீ வந்து ரெண்டு மாசம்தான் ஆவுது, எங்க கேசரி கதை உனக்குத் தெரியாது. தெருவுல மத்த எல்லாருக்கும் தெரியும். (தின்னவங்களாச்சே!)

எனக்கு எழுத்து சுத்தமா வராது. நம்பர் மட்டும் தெரியும், பஸ் ஏறி ஏறிக் கத்துக்கினது. அந்த அரைகுறையாலதான் வந்துச்சு வினை.

போன வருஷம் என் பேத்தி ப்ரியா ஸ்கூலுக்கு ஒரு நர்ஸம்மா வந்துது. சோறு குடுக்கப் போனவ ஜன்னல் ஓரமா நின்னு பாத்தேன். செவுத்துல கோடு போட்டு பசங்க உயரத்தை அளந்தாங்க. அப்புறம் ஒவ்வொண்ணையா கொஞ்ச நேரம் சும்மா உக்கார வெச்சு, கையில குட்டியூண்டு பட்டை சுத்தி, புஸ்ஸு புஸ்ஸுன்னு காத்தடிச்சு, ஒரு அட்டையில உயரத்துக்கு நேரா விரலை வெச்சுப் பாத்தாங்க. பிரஷர்னா பெரியவங்க சமாச்சாரம், பசங்களுக்கு ஏது? ஏதோ பலத்துக்குப் பரிட்சை, சொல்ற நம்பரெல்லாம் மார்க்குன்னு நெனச்சிக்கினேன்.

மத்த பசங்களுக்கு தொண்ணூத்தெட்டு, நூத்திரண்டு. எங்க ப்ரியாவுக்கு மூணு வாட்டி அளந்தாங்க. (‘போடு, இன்னும் போடு’ன்னு மனசுக்குள்ள கத்தினேன், பாவி.) நூத்து முப்பத்தெட்டு! ப்ரியா கையில குடுத்த சீட்டுல அதுக்கு செவப்புல வட்டம் வேற!

அன்னிக்கே அரைக் கிலோ ரவையில கேசரி. கீழ் ஊட்டு சரோஜா ஒருத்திதான் கேட்டா: “இன்னாக்கா இது, நூத்துக்கு மேல எப்டி மார்க் போடுவாங்க?”

“உன் பேரனுக்குப் போட மாட்டாங்க. படிக்கிற புள்ளைக்குப் போடுவாங்க, போடி!”

எம்புள்ளைக்கு, அதான் ப்ரியா அப்பனுக்கு, அம்பத்தூர் எஸ்டேட்ல ஷிஃப்ட்டு, மருமகளுக்கு தையல் கம்பெனி. “உங்க பொண்ணு ஃபர்ஸ்ட்டு, ஞாயித்துக்கெழம காட்றேன்”னேன். அந்த ஞாயித்துக்கெழமையும் அவனுக்கு ஓவர்டைம். சீட்டு குங்குமத்தோட சாமி படத்துக்குப் பின்னால போயிடுச்சு.

நடுவுல ப்ரியா “தல வலிக்குது ஆயா”ன்னும். ஊரு கண்ணுன்னு உப்பு மொளகா சுத்திப் போட்டேன். அப்பால கருவாடும் ஊறுகாயும் வெச்சு சோறு ஊட்டினேன். வெளிய உப்பைச் சுத்திப் போட்டு, உள்ள உப்பை ஊட்டுன புத்திசாலி நான்.

பத்தாம் நாளு ஸ்கூல் பிரேயர்ல புள்ள வெட்டி வெட்டி இழுத்து வுழுந்துடுச்சு.

ஆஸ்பத்திரியில டீச்சர் அழுவுது: “அப்பா அம்மாவ மூணு நாள்ல கூட்டினு வரச் சொல்லி சீட்டு குடுத்தோமே!” எம்புள்ள ஊட்டுக்கு ஓடி, சாமி படத்தைத் திருப்பி, சீட்டைப் படிச்சான்.

“யம்மா, இதுக்கா கேசரி கிண்டுன?”

அவ்ளோதான் கேட்டான். நாலு வார்த்தை திட்டியிருந்தா தாங்கியிருப்பேன்.

பொறந்ததுலேந்தே ஒரு கிட்னி பழுதாம், அதான் பிரஷர் நூத்து முப்பத்தெட்டாம். மாத்திரையில பிரஷர் எறங்கிச்சு. பிரஷர் ஏறினதுல அடிபட்ட எடது கண்ணு மட்டும் மங்கலாவே நின்னுடுச்சு. “அன்னிக்கே கூட்டினு வந்திருந்தா கண்ணு தப்பிச்சிருக்குமா?”ன்னு கேட்டேன். டாக்டரம்மா என் கையப் புடிச்சிக்கினாங்க.

அதைவிடக் கேளு. பெட்ல படுத்துகினு ப்ரியா சொல்லுது: “மார்க் இல்லன்னு எனக்குத் தெரியும் ஆயா. தெருவெல்லாம் கேசரி குடுத்துகினு அவ்ளோ சந்தோஷமா இருந்தியா... எப்டி சொல்றதுன்னு தெரியல.” எட்டு வயசுடி அதுக்கு!

இப்போ மாசாமாசம் அளக்கறாங்க. நம்பர் கொறஞ்சா ஆஸ்பத்திரி வாசல்லேந்தே போன் பண்ணுது: “ஆயா, கம்மி மார்க்கு! கேசரி கிண்டு!” மொத்த ஊடும் சிரிக்கும். நானும்தான் சிரிப்பேன், ரவைய வறுத்துகினே, அடுப்பு பக்கம் திரும்பிக்கினு.

உன் பொண்ணு துறுதுறுன்னுதான் கீது, தெரியும். எங்க ப்ரியாவும் அப்படித்தான் இருந்துச்சு. சீட்டை எடுத்துகினு நாளைக்குக் காலையிலயே ஆஸ்பத்திரிக்கு... ஐயோ, ரசம் பொங்குது! உப்பு போடறதுக்கு முன்னாடி ப்ரியாவுக்குத் தனியா எடுத்து வெக்கணும். போ, போ, சீட்டு கையிலயே இருக்கட்டும்!