பெட்டிக்குள் யார் என்று கேள்வி இல்லை

பேரன்புக்கும் பெருமதிப்புக்கும் உரிய மச்சான் அவர்களின் சமூகத்துக்கு,

உங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே எல்லாரும் சௌக்கியம் என்று எழுதித்தான் கடிதத்தை ஆரம்பிக்க வேண்டும் என்பதால் அப்படியே எழுதிவிட்டேன். உண்மை நிலவரம் கீழே வருகிறது. உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது என்று கேட்கச் சொன்னாள் உங்கள் தங்கை. கேட்டுவிட்டேன். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

என் மகள், அதாவது உங்கள் அருமை மருமகள், பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு ஆங்கிலம் படிக்கிறாள் என்று கேள்விப்பட்டு, நீங்கள் தொகுத்து வெளியிட்ட 'ஆங்கிலப் பத்தியும் பதிலும்' என்ற கைடை, பணம் எதுவும் வாங்காமல், கையெழுத்துப் போட்டு அனுப்பி வைத்தீர்கள். அந்த உதவியை நான் ஏழேழு பிறவிக்கும் மறக்க மாட்டேன். மறக்க முடியாதபடி செய்துவிட்டீர்கள். ஒழுங்காகப் படிக்காமல் பாஸ் பண்ணிக்கொண்டிருந்த பெண்ணைப் படிக்க வைத்துக் கெடுத்துவிட்டீர்கள்.

கோபமாக எழுதுவதாக நினைக்க வேண்டாம். கோபம்தான். ஆனால் காரணத்தைக் கேளுங்கள். இலக்கணத்தில் அவள் கொஞ்சம் முன்னே பின்னே என்பது உங்களுக்குத் தெரியும். கட்டுரை எழுதச் சொன்னால் நடுவில் வினைச்சொல்லைத் தொலைத்துவிட்டுத் தேடுவாள். அவளைக் கரையேற்றக்கூடியது பத்தியைப் படித்துப் பதில் எழுதும் பகுதி ஒன்றுதான். அதற்காகவே இந்தத் தெருக் கோடியில் இருக்கிற டியூஷனில் சேர்த்தேன். அந்த சாருக்குக் கோடு சார் என்று பெயர். காதில் எப்போதும் ஒரு பென்சில் இருக்கும். அவர் சொல்லிக்கொடுக்கும் முறை அபாரமானது. முதலில் கேள்வியைப் பார்க்க வேண்டும். கேள்வியில் இருக்கிற பெரிய வார்த்தையைப் பிடிக்க வேண்டும். அந்த வார்த்தை பத்தியில் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேட வேண்டும். கிடைத்ததும் அதற்கு முந்தைய முற்றுப்புள்ளியிலிருந்து அடுத்த முற்றுப்புள்ளி வரை கோடு போட்டு, அப்படியே பெயர்த்து விடைத்தாளில் வைக்க வேண்டும். பத்தியை மட்டும் படிக்கவே கூடாது. "படிக்கிறவன் யோசிப்பான், யோசிக்கிறவன் நேரத்தை விடுவான்" என்பார். பிள்ளைகள் எல்லாரும் பத்தி திமிங்கிலத்தைப் பற்றியா சர்க்கரையைப் பற்றியா என்று தெரியாமலே முழு மதிப்பெண் வாங்கிக்கொண்டு வந்தார்கள். ஒருநாள் உங்கள் மருமகளிடம், "இன்னைக்கு என்னம்மா பத்தி?" என்று கேட்டேன். "யாருக்குப்பா தெரியும்? பத்துக்குப் பத்து" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இப்படி அமைதியாக ஓடிக்கொண்டிருந்த குடும்பத்தில், அவளுக்குத் தலைவலி வந்தது. நான் ஊருக்கெல்லாம் மூக்குக்கண்ணாடி போட்டுவிடுகிறவன், சொந்த மகளுக்குப் போட மாட்டேனா? கடைக்கு அழைத்துப்போய்ச் சோதித்துக் கண்ணாடி தயார் செய்தேன். கிட்டத்தில் இருப்பது சரியாகத் தெரிகிறதா என்று பார்க்க எழுத்து அட்டையைத் தேடினேன். அது அகப்படவில்லை. அவள் பையிலிருந்து உங்கள் கைடை எடுத்து, கைக்கு வந்த பக்கத்தைப் பிரித்து, "மேலேருந்து கீழ வரைக்கும் ஒரு வரி விடாம படி" என்று சொல்லிவிட்டேன். படித்தாள் மச்சான். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு பத்தியை முழுக்கப் படித்தாள். தவறு என் மீதுதான் என்று நீங்கள் இப்போது சொல்வீர்கள். கண்ணாடி என்னுடையது. பத்தி உங்களுடையது.

அது எந்தப் பத்தி என்று உங்களுக்கு நினைவிருக்கிறதோ இல்லையோ, எங்களுக்கு மனப்பாடம். ஒரு படகுத்துறை. டிக்கெட் கொடுக்கும் குமாஸ்தா. காலையில் ஒரு பெண் அவசரமாக வந்து, பூட்டிய பச்சை இரும்புப் பெட்டி ஒன்றை அவரிடம் ஒப்படைத்து, மாலைப் படகில் திரும்பி வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போகிறாள். பெட்டி கனமாக இருக்கிறது. மதியம் குமாஸ்தா அதை வெயிலிலிருந்து நிழலுக்கு நகர்த்தி வைக்கிறார். மாலைப் படகு வருகிறது, அவள் வரவில்லை. கடைசிப் படகும் வருகிறது, அவள் வரவில்லை. குமாஸ்தா அன்றைய கணக்கை எழுதிக்கொண்டிருக்கிறார். பெட்டிக்கு உள்ளிருந்து யாரோ தட்டுகிறார்கள்.

அவ்வளவுதான். முடிந்தது. எந்தப் பத்தியும் முந்நூறு வார்த்தைக்கு மேல் போகக் கூடாது என்று முன்னுரையில் நீங்களே விதி போட்டிருக்கிறீர்கள். உங்கள் மருமகள் ஆவலாக அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். அடுத்த பக்கத்தில் தேனீ வளர்ப்பு.

கேள்விகளையாவது பார்ப்போம் என்று பார்த்தோம். பெட்டியின் நிறம் என்ன? அந்தப் பெண் எந்தப் படகில் திரும்புவதாகச் சொன்னாள்? 'கனம்' என்பதற்கு எதிர்ச்சொல் என்ன? சத்தம் கேட்டபோது குமாஸ்தா என்ன செய்துகொண்டிருந்தார்? பொருத்தமான தலைப்பு ஒன்று தருக. மச்சான், பூட்டிய பெட்டிக்குள் ஒரு ஜீவன் கிடந்து தட்டுகிறது, நீங்கள் எதிர்ச்சொல் கேட்கிறீர்கள்! உங்களுக்கெல்லாம் நெஞ்சு என்ன இரும்பாலா செய்திருக்கிறது? புத்தகத்தின் பின்னால் விடை போட்டிருக்கிறீர்களே, தலைப்பு 'கடமை தவறாத குமாஸ்தா' என்று. என்ன கடமை? யார் தவறவில்லை?

அன்று சாப்பிட உட்கார்ந்தபோது அவள் தன் அம்மாவிடம் கதையைச் சொல்லிவிட்டாள். உங்கள் தங்கைக்கு ஆங்கிலம் தெரியாது, ஆனால் பெட்டிக்குள் மூச்சு முட்டும் என்பது தெரியும். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "காலைலேருந்து உள்ள இருக்காங்களா? தண்ணிகூடக் குடிக்காமலா?" என்றாள். அன்றிலிருந்து வீட்டில் எதையாவது மூடி வைத்தால் உடனே திறந்துவிடுகிறாள். பால் பாத்திரத்தைப் பூனை இரண்டு முறை காலி செய்துவிட்டது. நான் உறுதியாக இருந்தேன். அந்தப் பெட்டி பற்றி எனக்குக் கொஞ்சமும் அக்கறை இல்லை என்பதை இங்கே பதிவு செய்துகொள்கிறேன். உள்ளே இருப்பது ஆள்தான் என்று எப்படிச் சொல்ல முடியும் என்று ஒரு வார்த்தை கேட்டேன், அவ்வளவுதான். அது பெரிய சண்டையாகிவிட்டது.

இது வீட்டோடு நின்றிருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பேன். கடையில் தொலைந்த எழுத்து அட்டைக்குப் பதிலாக, உங்கள் மருமகள் அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து அட்டையில் ஒட்டி மேஜையில் வைத்துவிட்டாள். எனக்கு உதவி செய்கிறாளாம். முதலில் வந்தவர் ஓய்வுபெற்ற தலைமைக் கணக்கர். புதுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். கடைசி வரிக்கு வந்தார். அட்டையைத் திருப்பிப் பார்த்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "பவர் பத்தலைங்க, கீழ இருக்கிறது ஒண்ணும் தெரியல" என்றார். நான் லென்ஸை மாற்றினேன். அப்போதும் தெரியவில்லை. இன்னும் மாற்றினேன். கடைசியில், "ஐயா, கீழ ஒண்ணுமே இல்லைங்க, கதை அவ்வளவுதான்" என்றதும் அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! நான் அவரை ஏமாற்றிவிட்டேனாம். அன்றிலிருந்து தினமும் காலையில் கடைக்கு வந்து உட்கார்ந்து, "ஏதாவது தெரிஞ்சுதா?" என்று கேட்கிறார். எதிர்க்கடைப் பல் டாக்டரம்மா நோயாளியை வாயைத் திறந்து வைத்திருக்கச் சொல்லிவிட்டு இங்கே ஓடிவந்து, உள்ளே இருப்பது குழந்தைதான் என்று அடித்துச் சொல்கிறார். கணக்கர், கனம் என்று போட்டிருக்கிறது, எனவே பெரியவர்தான் என்கிறார். இருவரும் பேசுவதில்லை. கடையில் எப்போதும் கூட்டம். வியாபாரம் மட்டும் இல்லை.

இதற்குள் டியூஷனில் தீ பற்றிக்கொண்டது. உங்கள் மருமகள் எழுந்து நின்று, "சார், பெட்டிக்குள்ள யாரு சார்?" என்று கேட்டிருக்கிறாள். கோடு சார் புத்தகத்தைப் பார்த்துவிட்டு, "அப்படி ஒரு கேள்வி இருக்கா?" என்றாராம். "இல்ல சார்." "அப்ப உள்ள யாரும் இல்ல. உக்காரு." இதைவிடத் தெளிவாக ஒரு மனிதர் சொல்ல முடியுமா? ஆனால் அதைக் கேட்டு மற்றப் பிள்ளைகளும் அந்தப் பக்கத்தைப் பிரித்துப் படிக்க ஆரம்பித்துவிட்டார்கள். கோடு போட ஆளில்லை. மறுநாள் அவர் கடைக்கே வந்துவிட்டார். பக்கத்தில் யாராவது கேட்கிறார்களா என்று பார்த்துவிட்டு, தணிந்த குரலில், "உங்க பொண்ணு படிக்கிறா சார்" என்றார். வீட்டில் திருடிவிட்டாள் என்று சொல்கிற தொனி. "நான் எத்தனையோ பிள்ளைங்களைப் பாத்திருக்கேன். இந்தப் பழக்கம் வந்துட்டா அப்புறம் மார்க் வராது."

அவர் வாக்கு பலித்துவிட்டது. பள்ளியில் மாதிரித் தேர்வு வைத்தார்கள். ஆங்கில ஆசிரியை கேள்வித்தாள் தயாரிக்கச் சிரமப்படாமல் உங்கள் கைடிலிருந்தே எடுத்திருக்கிறார். அதே பத்தி. கண்ணை மூடிக்கொண்டு எழுதலாம். சத்தம் கேட்டபோது குமாஸ்தா என்ன செய்துகொண்டிருந்தார்? 'அவர் அன்றைய கணக்கை எழுதிக்கொண்டிருந்தார்' என்று அந்த வரியைப் பெயர்த்து வைத்தால் முழு மதிப்பெண். இவள் என்ன எழுதியிருக்கிறாள் தெரியுமா? 'அவர் எழுதுவது போல நடித்துக்கொண்டிருந்தார். உள்ளே யாரோ இருப்பது அவருக்கு மதியமே தெரியும். தெரியாவிட்டால் பெட்டியை ஏன் வெயிலிலிருந்து நிழலுக்கு நகர்த்த வேண்டும்?' தலைப்புக்கு 'ஏன் திறக்கவில்லை?' என்று போட்டிருக்கிறாள். இரண்டுக்கும் சுழியம். பக்கத்தில் சிவப்பு மையில், 'பத்தியில் உள்ளதை எழுதவும்.'

நான் நேரில் போய் நியாயம் கேட்டேன். ஆங்கில ஆசிரியை உங்கள் கைடின் கடைசிப் பக்கத்தைத் திறந்து, விரலை வைத்துக் காட்டி, "இது உங்க மச்சான் போட்ட விடைதானே சார்? நான் என்ன பண்ண முடியும்?" என்றார். கடைக்கு வந்து பூதக்கண்ணாடியை வைத்து அந்தப் பத்தியை மறுபடி பார்த்தேன். மதியம் நிழலுக்கு நகர்த்தினார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஏன் என்று உங்களுக்குத் தெரியுமா மச்சான்? தெரியாது என்கிறாள் உங்கள் தங்கை. "அது அண்ணன் சொந்தமா எழுதினதாத்தான் இருக்கும். அவர் எதை முடிச்சிருக்கார்? அவர் வீட்டு மாடிப்படியைப் பாருங்க, மேல போய் வானத்துல நிக்குது" என்றாள். சொன்னவள் உங்கள் தங்கை, நான் இல்லை.

இப்போது நிலைமை இதுதான். அடுத்த மாதம் பொதுத்தேர்வு. ஆங்கிலத்தில் போனால் மேல்வகுப்பு இல்லை. கண் பரிசோதனைப் படிப்பில் சேர்த்து, கடையை அவள் கையில் கொடுக்க வேண்டும் என்று நான் கட்டிவைத்திருக்கிற கோட்டை எல்லாம் அதோடு போய்விடும். அவளோ, அந்தப் பெட்டியைத் திறக்கும் வரை இனி ஒரு பத்தியிலும் கோடு போட மாட்டேன் என்கிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது மச்சான். ராத்திரி தூக்கம் வருவதில்லை. எனவே தாய்மாமன் என்ற முறையில் நீங்கள் அவளுக்கு உடனே கண்டிப்பாக ஒரு கடிதம் எழுத வேண்டும். பெட்டிக்குள் பழைய துணியும் ஒரு எலியும் இருந்தன, எலிதான் தட்டியது என்று எழுதிவிடுங்கள். எழுதியவரே சொன்னால் நம்புவாள். இனிமேல் தேர்வு முடியும் வரை எதையும் படிக்கக் கூடாது என்று உத்தரவும் போட்டுவிடுங்கள்.

உங்கள் வீட்டில் பெரியவர்களுக்கு வணக்கமும் சிறியவர்களுக்கு ஆசியும் சொல்லவும். உங்கள் முழங்கால் மடங்கவும் நிமிரவும், உங்கள் மாடிப்படி ஒரு மாடியை அடையவும் வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
என்றும் தங்கள் அன்புக்குக் கட்டுப்பட்ட
மாப்பிள்ளை

பின்குறிப்பு: மேலே எழுதியது எல்லாம் ரத்து. கடிதத்தைத் தபாலில் போடச் சொல்லி உறையை ஒட்டாமல் அவளிடமே கொடுத்துவிட்டேன். அவள்தான் இப்போது எதைக் கொடுத்தாலும் படிக்கிறாளே. தபாலில் போடாமல் திரும்பி வந்து, "எலியாப்பா?" என்று மட்டும் கேட்டாள். திட்டியிருந்தால் தேவலை. அப்புறம் கடை மூலையில் உட்கார்ந்து பழைய ரசீதுகளின் பின்பக்கத்தில் பெட்டிக் கதையின் மீதியை எழுத ஆரம்பித்தாள். ஞாயிற்றுக்கிழமை கடையில் வைத்து எங்களுக்குப் படித்துக் காட்டினாள். ஆங்கிலத்தில்தான். வினைச்சொல் அங்கங்கே காணாமல் போயிருக்கும், இருக்கட்டும். உங்கள் தங்கைக்கு நான் தமிழில் சொல்லச் சொல்ல, எனக்குக் கணக்கர் சொல்லிக்கொண்டு வந்தார். புகார் சொல்ல வந்த கோடு சார் வாசலிலேயே நின்றுவிட்டார். ஒரு இடத்தில் டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எனக்குத் தெரியும் மச்சான், அது லென்ஸில் இருந்த அழுக்கு இல்லை. என் மகளை நினைத்து எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.

தேர்வைப் பற்றிக் கேட்டேன். "கவலைப்படாதீங்கப்பா. திருத்துறவங்களுக்குப் படிக்க நேரமில்ல, பாவம். அவங்களுக்காகக் கோடு போட்டுக் குடுத்துட்டு வந்துடறேன்" என்றாள். ஆகவே எலி வேண்டாம். உத்தரவும் வேண்டாம். நீங்கள் ஒன்றும் எழுத வேண்டாம்.

பெட்டிக்குள் யார் என்று இப்போது உங்களுக்குத் தெரிந்துகொள்ளத் தோன்றும். சொல்கிறேன். குமாஸ்தா பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்தார். பெட்டி அருகில் போய் மண்டியிட்டார். பூட்டின் மேல் கையை வைத்ததும் தட்டுவது நின்றது. உள்ளிருந்து ஒரு குரல், அவரைச் சின்ன வயதில் வீட்டில் கூப்பிடும் செல்லப்பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது. குமாஸ்தா பூட்டை உடைத்து மூடியைத் திறந்தார். உள்ளே

மன்னிக்கவும் மச்சான், முந்நூறு வார்த்தைக்கு மேல் போகக் கூடாதல்லவா? கேள்வி ஒன்று: பெட்டியின் நிறம் என்ன?