ஒற்றைக் கைப் போட்டியில் மூன்றாவது கை

நான் கலந்துகொள்ளாத ஒரு போட்டியைக் கெடுத்தவன் நான். அதற்கு என் வலது கை ஒன்றே போதுமானதாக இருந்தது.

அரியலூரில், எங்கள் வீட்டு மாடிப்படியில் வழுக்கி, என் மனைவி தனம் இடது மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். மாவுக்கட்டோடு இருந்த நாட்களில், பேரன் விட்டுப்போன வண்ணக் கியூபை, போனில் வீடியோ பார்த்து வலது கையால் மட்டுமே திருகப் பழகினாள். கட்டுப் பிரித்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. நான் கணக்குப் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். இரண்டு கைகளாலும் முயன்று ஒரு பக்கத்து நிறத்தைச் சேர்த்திருக்கிறேன். (அதையும் அவள்தான் முடித்துக் கொடுத்தாள்.)

பெரம்பலூரில் ஒரு கல்லூரியில் கியூப் போட்டி வைத்தார்கள். ஒற்றைக் கைப் பிரிவு உண்டு, வயது வரம்பு இல்லை. தனம் பெயர் கொடுத்துவிட்டாள்.

"ஜெயிக்கல்லாம் போகலைங்க. ஒரு தடவை முடிச்சு, அந்தத் திரையில எம்பேருக்கு நேரா ஒரு நேரம் வந்தாப் போதும்" என்றாள்.

எட்டாம் வகுப்போடு படிப்பு நிறுத்தப்பட்டவள். அதன் பிறகு அவள் பெயருக்குப் பக்கத்தில் யாரும் எதையும் எழுதியதில்லை, என் பெயரைத் தவிர.

விதிகளைப் படிக்கும் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். நிறங்களைச் சேர்க்கும்போது ஒரு கைதான் கியூபில் படலாம், மறு கை பட்டால் அந்த முயற்சி செல்லாது. தனத்துக்கோ கியூப் நழுவும்போதெல்லாம் இடது கை தானாக உதவிக்கு வந்துவிடும்.

"அந்தக் கையை இடுப்புல செருகிக்க" என்றேன்.

வீட்டில் அது பிரமாதமாக நடந்தது. அவள் முடித்துக் கியூபைக் கீழே வைப்பாள். நான் போனை அமுக்கி நேரத்தை நிறுத்துவேன்.

போட்டியன்று என் அறிவு இன்னும் கொஞ்சம் வேலை செய்தது.

"நாலு பேர் பாக்குற இடம். பட்டுக் கட்டு."

"கியூப் சுத்த எதுக்குங்க பட்டு? கல்யாணமா பண்ணிக்கப் போறேன்?"

கட்டினாள். பட்டு வழுக்கும் என்பதால் கொசுவத்தில் ஊக்கும் குத்திக்கொண்டாள்.

அங்கே மேசைமேல் ஒரு டைமர் இருந்தது. இரண்டு உள்ளங்கைகளையும் அதில் வைத்து எடுத்தால் ஓடும், இரண்டையும் வைத்தால் நிற்கும். நடுவராக இருந்த கல்லூரிப் பெண் அதைப் பொறுமையாக விளக்கினாள். முதல் முயற்சியில் தனத்துக்குக் கியூப் நழுவி, நேர வரம்பு தாண்டிவிட்டது. மிச்சம் இருந்தது ஒரே ஒரு முயற்சி.

அதில் அவள் விரல்கள் பறந்தன. ஆறு பக்கமும் சேர்ந்தன. நேரம் பாக்கி இருந்தது. கியூபை வைத்தாள், வலது கையை டைமரில் வைத்தாள். இடுப்பில் செருகிய இடது கை வரவில்லை. வளையல் ஊக்கில் மாட்டிக்கொண்டிருந்தது. டைமர் ஓடிக்கொண்டே இருந்தது.

முன்வரிசையிலிருந்து நான் எப்படி எழுந்தேன் என்று தெரியாது. (மூட்டுவலிக்காரன் என்று சொன்னால் அன்று யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.) அவள் இடது கைக்கான இடத்தில் என் வலது கையை ஓங்கி வைத்தேன். டைமர் நின்றது.

"உள்ள வந்துருச்சு தனம்! நேரத்துக்குள்ள வந்துருச்சு!"

நடுவர் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"சார், நீங்க யாருங்க?"

"அவ வூட்டுக்காரன்மா."

"போட்டியாளர் கைதான் சார் நிறுத்தணும். இது செல்லாதுங்க."

"ஒரு கையாலதானேம்மா கியூபைச் சுத்துனா?"

"ஒத்தக் கைப் போட்டிதான் சார். ஆனா இங்க மூணு கை இருக்கே."

பக்கத்து மேசையில் ஒருவன் சிரித்துவிட்டான். அதற்குள் தனம் இடது கையை விடுவித்து மேசைமேல் வைத்திருந்தாள்.

"இன்னும் நேரம் இருந்துதுங்க. நானே எடுத்திருப்பேன்" என்றாள்.

திரையில் அவள் பெயருக்கு நேராக, முடிக்கவில்லை என்பதற்கான மூன்று ஆங்கில எழுத்துகள் வந்தன. அவள் முடித்திருந்தாள். முடிக்க விடாதவன் நான். திரும்பி வரும் பஸ்ஸில் அவள் கியூபைக் கலைத்து, மறுபடி ஒற்றைக் கையால் சேர்த்துக்கொண்டிருந்தாள். அவள் சொல்லத் தொடங்கிய கதைகளை நான் முடித்து வைத்ததும், டாக்டர் அவளைக் கேட்ட கேள்விகளுக்கு நான் பதில் சொன்னதும் வழியெல்லாம் நினைவுக்கு வந்தன. அதையெல்லாம் உதவி என்றே அதுவரை நினைத்திருந்தேன்.

மறு வருடமும் பெயர் கொடுத்தாள். போட்டி ஞாயிற்றுக்கிழமை. கல்லூரி வாசலிலேயே என்னை நிறுத்தினாள்.

"நீங்க சிறுவாச்சூர் போயி அம்மனைக் கும்பிட்டு வாங்க."

"இன்னிக்கு ஞாயித்துக்கெழமை. திங்கள், வெள்ளிதானே கோயில் திறப்பாங்க?"

"தெரியும்ங்க. வெளியிலயே நின்னு கும்பிட்டு, நிதானமா வாங்க."

போனேன். பூட்டிய கதவுக்கு முன்னால் இரண்டு கைகளையும் கூப்பி, முடிந்தவரை நேரம் நின்றேன். திரும்பி வந்தபோது, பருத்திப் புடவையில், திரைக்குக் கீழே நின்று தன் பெயரைப் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். பெயருக்கு நேராக ஒரு நேரம் இருந்தது.

இப்போதும் அவள் ஊறுகாய் பாட்டில் மூடியோடு மல்லுக்கட்டும்போது, என் கை கொஞ்சம் நீண்டால் போதும். பேரன் வந்திருக்கும் நாட்களில், எந்த அறையில் இருந்தாலும் அவன் குரல் வரும்:

"தாத்தா, சிறுவாச்சூர் போயிட்டு வாங்க!"