நரிக்கு ஒரு தவணை

மருதமுனையில் நரியின் பக்கமும் நியாயம் இருக்கலாம் என்று நம்பிய ஒரே மனிதர் எங்கள் இணக்கசபையார்தான். ஊர்ச் சண்டைகளைச் சமாதானமாக்கும் இணக்கசபையில் நெடுங்காலம் இருந்தவர். வயது போய் விலகிய மறுவாரமே, நான் படிப்பிக்கும் முன்பள்ளி வாசலில் வந்து நின்றார். "டீச்சர், புள்ளையளுக்கு நான் கதை செல்லித்தாறன்" என்றார். எனக்கும் ஒரு மணித்தியாலம் ஓய்வு கிடைக்குமே என்று தலையாட்டிவிட்டேன். என் புத்தியைச் சொல்ல வேண்டும்.

முதல் கதை காகமும் நரியும். நான் சொன்னால் ஐந்து நிமிடம். நரி வடையைக் கவ்விய இடத்தில் இவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"இப்பவே நரியக் கள்ளனெண்டு செல்லேலா. காகத்துக்கிட்ட வடை எப்படி வந்த?"

"கிழவிக்கிட்டக் களவெடுத்த" என்று கத்தியது வகுப்பு.

"அப்ப கிழவியையும் கூப்பிடணும். வழக்க நாளைக்குத் தவணை போடுறன்."

அந்த வடை வழக்கு வியாழன் வரை இழுபட்டது. கடைசியில் கிழவி புது வடை சுட, மூவரும் பங்கிட்டுத் தின்று, ஸலாம் சொல்லிப் பிரிந்தார்கள். ஆமையிடம் தோற்ற முயலுக்கு அன்று காய்ச்சல் என்று தெரியவர, பந்தயத்தையே மறுபடி ஓடவிட்டார்.

பிள்ளைகள் சட்டத்தை வீட்டுக்கும் கொண்டுபோனார்கள். ஒரு பையனின் உம்மா மூச்சிரைக்க வந்தார்.

"டீச்சர், கோப்பைய உடச்சிப்போட்டான். அடிக்கப் போனா, 'அத மேசை விளிம்புல வெச்ச ஆரு?' எண்டு கேக்கான். எனக்குத் தவணை குடுக்கான், டீச்சர்."

விளிம்பில் வைத்தது அந்த உம்மாவேதானாம்.

பெற்றோர் கூட்டத்தில் ஒரே பேச்சு: ஆளை நிறுத்துங்கள். போய்ச் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. சொன்னேன். "ஓம் டீச்சர்" என்று கதவைச் சாத்திக்கொண்டார். தொல்லை விட்டது என்று திரும்பி வந்தேன்.

மறுநாள் சிங்கமும் எலியும். ஐந்தே நிமிடத்தில் முடித்தேன். ஒருவரும் எழும்பவில்லை. நாலு வயது ஸப்ரா, "இணக்கசபையார் எங்க?" என்றாள். இனி வரமாட்டார், நிறுத்திவிட்டோம் என்றேன்.

"அவரக் கூப்பிட்டு விசாரிச்சீங்களா?"

பால்பல் விழாத பிள்ளை கேட்ட கேள்வி. வெட்கமாகப் போய்விட்டது.

பள்ளி விட்டதும் அவர் வீட்டுக்குப் போனேன். "உங்கட பக்கத்தச் செல்லுங்க" என்றேன்.

"என்னத்தச் செல்ற, மகள். என்ட பொஞ்சாதி மவுத்தாப் போனதுக்குப் புறகு ஊட்ட கதைக்க ஆளில்ல."

விசாரணை முடியும்வரை அவர் வந்துபோகலாம் என்று பெற்றோருக்கு அறிவித்தேன். ஒன்றரை வருடமாகிறது. மாதாமாதம் நானே தவணை போட்டுக்கொண்டிருக்கிறேன். இந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல எனக்கு மனமில்லை.