மடிப்பு கூண்டேறிய கதை

நெய்வேலி டவுன்ஷிப்பில் கலையாத பொருள் என்று ஒன்று உண்டென்றால், அது எங்கள் இஸ்திரிக்காரர் மடிப்பு தேய்த்துக் கொடுத்த சட்டைதான். காற்று, வியர்வை, அதிகாரியின் கோபம் எதுவும் அதன் மடிப்பை அசைக்காது. எங்கள் பிளாக்கில் ஒருவர் அவர் தேய்த்த பேண்ட்டைப் போட்டுக்கொண்டு பஸ்ஸில் மூன்று பேருக்கு நடுவே நசுங்கி, அப்படியே பெண் பார்க்கப் போனார். பெண் அமைந்துவிட்டது. காரணம் மாப்பிள்ளை இல்லை என்று இன்றும் சொல்வோம்.

ஆள் பக்கத்து ஊரான வடக்குத்துக்காரர். எங்கள் தெரு முனை வேப்பமரத்தடியில் தள்ளுவண்டி, கரிப்பெட்டி, மேசை. பெயர் ரேஷன் கார்டில் இருந்திருக்கும்; எங்களுக்கு அவர் மடிப்பு. காலை ஆறு மணிக்கு நிற்க ஆரம்பித்தால் வெயில் இறங்கும்வரை நிற்பார். உட்கார்ந்து தேய்த்தால் துணி கோபித்துக்கொள்ளும் என்பது அவர் கட்சி.

வாட்ஸ்அப் வந்த புதிது. ஒரு சாயங்காலம், தேய்த்த துணிகளை வண்டியில் அடுக்கிக்கொண்டு வீடு வீடாகக் கொடுத்து வந்தவரை, குடித்துவிட்டு ஓட்டி வந்த ஒருவரின் கார் பின்னாலிருந்து அடித்துத் தூக்கியது. வண்டி ஒரு பக்கம், மடிப்பு ஒரு பக்கம், எங்கள் பிளாக்கின் மானம் ரோடு முழுக்க. எனக்கு அன்று லீவு. சத்தம் கேட்டு ஓடினேன். கார்க்காரர் கதவைப் பிடித்தபடி ஆடிக்கொண்டிருந்தார்.

"பாத்து வர மாட்டியா பெரிசு?"

முழங்காலுக்குக் கீழே கால் வேறு திசை பார்த்துக் கிடந்தது. மடிப்பு படுத்தபடியே அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"சார், பட்டன மாத்திப் போட்டுகினு இருக்கீங்க."

ஆஸ்பத்திரிக்கு வந்த போலீஸ்காரர் நோட்டை விரித்து, "என்னய்யா ஆச்சு, சொல்லு" என்றார். மடிப்பு சொன்னார். சட்டை பதினொன்று, பேண்ட் நாலு, வாத்தியாரம்மா புடவை ஒன்று, அதில் சரிகை ஓரமாகச் சேறு. எந்தச் சட்டையில் எந்தக் கை கிழிந்தது என்பது வரைக்கும் சொன்னார். போலீஸ்காரருக்குக் கை வலித்தது.

"சரிய்யா, உனக்கு?"

"கால்ல லேசா அடிங்க."

அப்படியே எஃப்.ஐ.ஆரில் ஏறியது. ஊரார் துணி ஊரார் துணி. கால் சொந்தக் கால்தானே. இரண்டு இடத்தில் முறிந்த அந்தச் சொந்தக் கால் கோணலாகவே சேர்ந்தது. திரும்ப ஆபரேஷன் செய்தால் நேராகும் என்றார் டாக்டர். அதற்குப் பணமில்லை. நஷ்டஈடு வந்தால்தான் கால்.

வழக்குப் போட்டோம். கோர்ட்டு இருந்த ஊருக்கு ஒன்றேகால் மணி நேர பஸ். அவர், அவர் மனைவி அஞ்சலை, சாட்சியாக நான். போவோம், வராண்டாவில் நிற்போம், வாய்தா வாங்கிக்கொண்டு திரும்புவோம். ஜன்னலுக்கு வெளியே அதே பனைமரங்கள், எங்களைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போனவை மாதிரி. இரண்டு கோடை போயிற்று. எனக்குத் தலை நரைத்தது. ஒவ்வொரு பயணத்திலும் அவருக்குப் பாடம் நடத்தினேன்.

"ஜட்ஜ் கேட்டா என்ன சொல்லணும்?"

"வலிக்குதுன்னு சொல்லணும்."

"எங்க, சொல்லுங்க."

"வலிக்குதுங்க. ஆனா பரவால்லீங்க."

"அந்தப் பரவால்ல வேணாம்யா!"

"சும்மா எப்பிடி சார் வலிக்குதுன்னு சொல்றது? கேக்கறவங்களுக்குக் கஷ்டமா இருக்காது?"

பிறகுதான் தணிந்த குரலில் நிஜத்தைச் சொன்னார். "கோர்ட்டுல முடியலன்னு சொன்னா, மரத்தடியிலயும் முடியலன்னு ஆயிடும் சார். நாளைக்கே துணியெல்லாம் பக்கத்து பிளாக் வண்டிக்குப் பூடும்." பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

கடைசியில் ஒருநாள் கூண்டில் ஏறினார். காரின் இன்ஷூரன்ஸ் கம்பெனி வக்கீல் எழுந்தார். கவுன் கசங்கியிருந்தது. மடிப்பின் கண் அதிலேயே ஒட்டிக்கொண்டது.

"லேசா அடின்னு நீங்கதானே போலீஸ்ல சொன்னீங்க?"

"ஆமாங்க."

"இப்பவும் தொழில் செய்யறீங்களா?"

"செய்யறேங்க."

"ஒரு நாளைக்கு எத்தனை துணி?"

"எம்பதுங்க."

"உக்காந்தா, நின்னுக்கிட்டா?"

"நின்னுகினுதாங்க" என்றவர் இன்னும் நிமிர்ந்து நின்றார். எங்கள் வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார். இரண்டு கோடையும் என் முதுகில் ஏறி உட்கார்ந்த மாதிரி இருந்தது.

"பொய்யிங்க அய்யா!"

பின் பெஞ்சில் அஞ்சலை எழுந்து நின்றாள். அத்தனை வாய்தாவுக்கும் வாயைத் திறக்காதவள்.

"யாரும்மா நீங்க?" என்றார் நீதிபதி.

"அவரு பொண்டாட்டிங்க. எம்பதும் நான் தேய்க்கிறேங்க. வூட்டுலயே தேய்ச்சி அடுக்கி, விடியறதுக்குள்ள மரத்தடியில கொண்டாந்து வச்சிடுவேன். இவரு மேசையப் புடிச்சிகினு, தேய்ச்ச துணி மேலயே கரியில்லாத பொட்டிய ஓட்டிகினு நிக்கிறாரு. ஜனங்க பாக்கணுமாம்! அதுக்கே காலு இம்மாம் வீங்குது."

"சும்மா இருடி!" என்றார் கூண்டிலிருந்து மடிப்பு.

வேட்டியை விலக்கிக் காலைக் காட்டும்படி மடிப்பிடம் நீதிபதி சொன்னார். காட்டினார். அதன்பின் கவுன்கார வக்கீலும் உட்கார்ந்துவிட்டார். அடுத்த வாய்தாவில் அஞ்சலையை முறைப்படி சாட்சியாக ஏற்றினார்கள். கேட்டதில் பாதிக்கும் குறைவுதான் தீர்ப்பானது. ஆனால் ஆபரேஷனுக்குப் போதும்.

கூண்டேறிய அன்று திரும்பி வரும் பஸ்ஸில் அவர் மனைவியோடு பேசவில்லை. அவளை விட்டு என் பக்கத்துச் சீட்.

"மானம் போச்சு சார்."

"யார் தேய்ச்சா என்ன? மடிப்பு நிக்குதே."

முகம் கொஞ்சம் தெளிந்தது. "நான் சொல்லிக் குடுத்தது சார்."

பின் சீட்டிலிருந்து குரல் வந்தது. "சொல்லிக் குடுத்தாராம்! கண்ணாலம் ஆன புதுசுல காலர எப்பிடித் திருப்பறதுன்னு காட்டுனதே நானு!"

செய்தி எங்களுக்கு முன்னால் பிளாக்குக்குப் போய்விட்டது. மறுநாள் அவர் பயந்துகொண்டே வண்டியருகே நின்றார். துணி குறையவில்லை. பக்கத்து பிளாக்கிலிருந்து இரண்டு மூட்டை கூடுதலாக வந்தது, அஞ்சலையைப் பார்க்க வந்தவர்கள் கையில்.

ஆபரேஷனுக்குப் பிறகு கால் ஏறக்குறைய நேரானது. ரொம்ப நேரம் நிற்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அஞ்சலை மரத்தடியில் எல்லோரும் பார்க்கவே தேய்த்தாள். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து துணியை மடித்தார், குற்றம் கண்டுபிடித்தார், திட்டு வாங்கினார்.

எனக்கு வாரத்துக்கு ஐந்து சட்டை. முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை மொத்தமாகக் கொடுத்துவிடுவேன். அதற்குப் பிறகு, ஷிப்ட் முடிந்து உடம்பு எவ்வளவு அசந்திருந்தாலும், தினம் ஒன்றாகத்தான் கொண்டுபோனேன்; அந்தத் திட்டை நாள் தவறாமல் கேட்க வேண்டுமே.